மூன்று சீசன் பாஸ்கள்

ஒக்டோபர் 18, புதன்

இந்தக் கொப்பிக்கு இரண்டு விதிகள் வைத்திருக்கிறேன். ஒன்று, பொய் எழுதக் கூடாது. இரண்டு, எழுத விருப்பமில்லாததை எழுதாமல் விடலாம். பத்தாம் ஆண்டுப் பரீட்சை வரை தினமும் அரைப் பக்கம் எழுதும்படி தமிழ்ப் பாடசாலை ரீச்சர் சொல்லியிருக்கிறார். விதிகள் என்னுடையவை.

இன்று பள்ளிக்குப் போகவில்லை. அப்பா, அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்பாவுக்குக் கோடையிலிருந்து இருமல். அதனால் அவர் வேலை செய்யும் ஹொட்டேல் சமையலறைக்கும் போவதில்லை. போன மாதம் நுரையீரலைப் படம் எடுத்தார்கள். இன்று முடிவு சொல்லும் நாள்.

டொக்டர் ஏபி முதலில் ஜெர்மன் மொழியில் என்னிடம்தான் பேசினார். "தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருக்கிறார். அவரை வரச் சொல்லவா? உனக்குப் பதினைந்து வயதுதானே." அந்த மொழிபெயர்ப்பாளர் வதனா அன்ரி. கோயிலில் எங்களுக்கு முன் வரிசையில் இருப்பவர். அம்மா மேசைக்குக் கீழே என் தொடையில் கிள்ளினார். "வேண்டாமெண்டு சொல்லு. அவ வந்தா வெள்ளிக்கிழமைப் பூசைக்கு முதல் தூன் நகரம் முழுக்கத் தெரிஞ்சிடும்." அப்பாவும் தன்னுடைய குசினி ஜெர்மனில், சமையலறையில் பொறுக்கிய சொற்களில், சொன்னார்: "என் மகள் நல்லம்."

டொக்டர் இருபது நிமிடம் பேசினார். சின்னச் சின்ன வசனங்களாக, என்னைப் பார்த்து. நடுவில் ஒரு தடவை நிறுத்தி, "உனக்கு இது முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன். ஜெர்மனில் எனக்கு ஆறுக்கு ஐந்தரைப் புள்ளி.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டார்.

"நுரையீரல் கொஞ்சம் இறுகியிருக்காம். மருந்து மாத்துறாவாம். இந்தக் குளிர்காலத்தில எங்கயாவது போய் வந்தா நல்லமாம்."

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்க போகட்டாம்?" என்றார்.

"அது எங்கட விருப்பமாம்."

பஸ்ஸில் வரும்போது அப்பா, "அப்ப மலைக்குப் போவம். பனிக்குப் போவம்" என்றார். அம்மா சிரித்துவிட்டார். "பனிக்கோ? குளிக்கிற தண்ணி கொஞ்சம் ஆறினாலே கத்துற மனுசன்!"

வீட்டுக்கு வந்து அம்மா புட்டும் முட்டைப் பொரியலும் செய்தார். பாட்டு முணுமுணுத்தபடி செய்தார். அப்பா நன்றாகச் சாப்பிட்டார். இதெல்லாம் உண்மை.

ஒக்டோபர் 19, வியாழன்

எங்கே போவது என்று தீர்மானிக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் கடிதம், படிவம், ரிக்கற் எல்லாம் என் பொறுப்புத்தான்.

மதிய இடைவேளையில் லீனாவிடம் கேட்டேன். அவள் மூன்று வயதிலிருந்து பனிச்சறுக்குக்குப் போகிறவள். கொண்டோலாவுக்கு, அதாவது கம்பியில் தொங்கி மேலே போகும் பெட்டிக்கு, பஸ் மாதிரி ஒரு தடவை ஏற ரிக்கற் எடுப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி எடுப்பவர்கள் குறைவாம். நாலு மணித்தியாலப் பாஸ், நாள் பாஸ், இரண்டு நாள் பாஸ் இருக்கின்றன. பிறகு சீசன் பாஸ்: பனி விழத் தொடங்குவதிலிருந்து வசந்தம் வரை எத்தனை தடவையும் ஏறலாம். ஒக்டோபர் முடிவதற்குள் வாங்கினால் மலிவு. "ஆனா ஆறு தடவைக்கு மேல போனால்தான் லாபம்" என்றாள்.

நூலகத்தில் இருந்து பதினொரு மலைகளுக்கு அட்டவணை போட்டேன். நிரல்கள்: சறுக்குப் பாதைகளின் நீளம், எத்தனை லிஃப்ட், தூனிலிருந்து எத்தனை தடவை ரெயின் மாற வேண்டும், பழகுபவர்களுக்கு இடம் இருக்கிறதா. உச்சியின் உயரத்தையும் போடச் சொன்னாள் லீனா. உயரமாக இருந்தால்தான் பனி நிச்சயம். அவள் சொன்னபடி உயரமானதை மேலே வைத்து அடுக்கினேன். முதலாவதாக வைஸ்பிர்ன் வந்தது, கிட்டத்தட்ட மூவாயிரம் மீற்றர்.

பிறகு எல்லாவற்றையும் அழித்து, தாழ்வானதை மேலே வைத்து மறுபடி அடுக்கினேன். காரணம் எழுதவில்லை. இரண்டாவது விதி.

ஒக்டோபர் 22, ஞாயிறு

இன்று அட்டவணையைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். முதலாவதாக இருந்தது லேர்ஷ்மாட். தொள்ளாயிரம் மீற்றர். சின்னப் பிள்ளைகளைக் கொண்டுபோகும் நகரும் விரிப்பு ஒன்றும், பிடித்துக்கொண்டு ஏறக் கயிறு ஒன்றும்தான் அங்கே உண்டு.

அம்மா படத்தைப் பார்த்தார். "என்னடி இது? குழந்தைப்பிள்ளையள் சறுக்கி விழுற மேடு. இதுக்கு ஏன் ரெயின் பிடிச்சுப் போகோணும்? எங்கட வீட்டுக்குப் பின்னால புல்லுத் திட்டி காணாதோ?"

"பழகுறதுக்கு நல்ல இடம் அம்மா."

"ஆர் பழகுறது? நானோ, கொப்பரோ? மேல போய் நிண்டு பாக்கத்தானே போறம்." அம்மா தன் விரலால் கீழே, ஏழாவது வரியைத் தொட்டார். ஸ்டைனெக். உச்சி இரண்டாயிரத்து நூறு மீற்றர். "இதுக்குத்தான் போகோணும். இருபத்திமூண்டு வருசம் இந்த மலைக்குக் கீழ நிண்டு கிழங்கு சீவின மனுசன். ஒரு நாளாவது மேல ஏறினவரோ, கேளு!"

உண்மைதான். அப்பா வேலை செய்த ஹொட்டேல் அந்த மலையின் அடியில், கொண்டோலா புறப்படும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சமையலறைப் புகை போகும் யன்னலால் பார்த்தால் பெட்டிகள் ஒவ்வொன்றாக மேலே போவது தெரியும் என்று சொல்லியிருக்கிறார். ஆட்கள் சறுக்க வரும் நாட்களில்தான் அவருக்கு வேலை கூட. அவருக்கு லீவு கிடைக்கும் நாட்களில் லிஃப்ட் ஓடாது. அங்கே அவரை ஒருவரும் கனகலிங்கம் என்று கூப்பிடுவதில்லை. லிங்கி.

"எனக்கு அந்தச் சின்ன மேடே போதும்" என்றார் அப்பா. "பிள்ளை படிச்சுப் பாத்துத்தானே சொல்லுது."

"பிள்ளைக்கும் உங்களுக்கும் பயம். அவ்வளவுதான்."

பிறகு பாஸ் பற்றிய பேச்சு வந்தது. நாள் பாஸ் போதும் என்றேன். அப்பாவும் அதையே சொன்னார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு நாளைக்கோ? மாசத்தில ரெண்டு தரமாவது போவம். நல்ல காத்து நெஞ்சுக்கு நல்லம். குளிர்காலத்தில போகட்டாம் எண்டு டொக்டர்தானே சொன்னவா. நீதானே சொன்னனீ?"

நான்தான் சொன்னேன்.

ஒக்டோபர் 28, சனி

அம்மா முடிவு செய்துவிட்டார். ஸ்டைனெக், மூன்று சீசன் பாஸ்கள். அம்மா முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்கிறார். இதற்காக ஞாயிற்றுக்கிழமைகளையும், நத்தாரிலிருந்து புதுவருசம் வரை இரட்டை வேலையையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ஸ்டைனெக் லிஃப்ட் இந்த வருடம் திருத்த வேலைக்காக மூடியிருக்கும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அம்மா அப்பாவின் ஹொட்டேலில் வேலை செய்யும் தமிழர் ஒருவருக்கு உடனே போன் எடுத்துக் கேட்டார். மூடவில்லை.

பாஸில் படம் வேண்டும். தொப்பி கூடாது, கறுப்புக் கண்ணாடி கூடாது. ஸ்ரேசனில் படம் எடுக்கும் பெட்டிக்குப் போனோம். அப்பா வெள்ளைச் சேர்ட் போட்டு, தலையை வகிடு எடுத்து இழுத்திருந்தார். திரைச்சீலைக்குக் கீழே அவருடைய சப்பாத்து மட்டும் தெரிந்தது. மெசின் நாலு தடவை மின்னும். அதுவரை இருமக் கூடாது. முதல் மூன்று படங்களிலும் இருமலை அடக்கும் முகம். நாலாவதற்கு முன் அம்மா திரைச்சீலையை விலக்கி, "இஞ்சாருங்கோ, பொம்பிளை பாக்கப் போற மாதிரி இருக்கிறியள்" என்றார். நாலாவதில் சிரிக்கிறார்.

அம்மா அந்த நாலாவதைத்தான் வெட்டி எடுத்தார்.

நவம்பர் 1, புதன்

லீனாவின் சீசன் பாஸ் வந்துவிட்டது. மூக்கில் வைத்து மணந்து காட்டினாள். பனியின் மணம் என்றாள். பிளாஸ்ரிக் மணம்.

நவம்பர் 9, வியாழன்

முதலாவது விதியை நான் மீறவில்லை. திரும்ப வாசித்துப் பார்த்தேன், இந்தக் கொப்பியில் ஒரு பொய்யும் இல்லை. அப்படியிருந்தும் இது முழுக்கப் பொய்யாக இருக்கிறது. ஆகவே இரண்டாவது விதியை இன்றோடு எடுத்துவிடுகிறேன்.

ஒக்டோபர் பதினெட்டாம் தேதி டொக்டர் ஏபி சொன்னது இது. ஒவ்வொரு வசனமும் ஞாபகம் இருக்கிறது.

"உங்கள் நுரையீரல் தழும்பாகிக்கொண்டு போகிறது. அதை நிறுத்தும் மருந்து எங்களிடம் இல்லை. மெதுவாக்கப் பார்க்கலாம். மாற்று நுரையீரல் வைக்க உங்கள் இதயம் தாங்காது. எவ்வளவு காலம் என்று சரியாகச் சொல்ல முடியாது. மாதங்கள்தான். அடுத்த கோடையை நீங்கள் கண்டால் நான் சந்தோசப்படுவேன். உயரமான இடங்களுக்குப் போக வேண்டாம். நீங்கள் மூவரும் சேர்ந்து செய்ய விரும்புவது ஏதாவது இருந்தால், அதை இந்தக் குளிர்காலத்திலேயே செய்யுங்கள்."

முதல் வசனத்தில் ஒரு 'கொஞ்சம்' சேர்த்தேன். அதை விட்டால், கடைசி வசனத்தின் கடைசிப் பாதியை மட்டும் நான் மொழிபெயர்த்தேன்.

திட்டமிட்டுச் செய்யவில்லை. வாயைத் திறந்தபோது அம்மா தன் கைப்பையின் பிடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்த ஜெர்மன் சொற்களுக்கு என்னிடம் தமிழ்ச் சொற்கள் இருந்தன. எல்லாம் இருந்தன. அதுதான் பிரச்சினை.

இன்றைக்கு இரண்டாவது சந்திப்பு. அம்மா வேலைக்குப் போய்விட்டார், நானும் அப்பாவும் மட்டும். வீட்டில் வைக்க ஒட்சிசன் மெசினும், வெளியே கொண்டுபோகத் தோளில் மாட்டும் சின்னச் சிலிண்டரும் தந்தார்கள். இருமல் குறையும்வரை என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன். ஆயிரம் மீற்றருக்கு மேல் போகவே வேண்டாம் என்று டொக்டர் மீண்டும் சொன்னார். பிறகு என்னிடம், "போன தடவை சொன்னதை அம்மாவோடு கதைத்தீர்களா? அவர் எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார்.

"கதைத்தோம். நல்லாய் இருக்கிறார்" என்றேன். ஜெர்மனில் நான் சொன்ன முதலாவது பொய்.

அப்பா தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னவாம்?" என்று அவர் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அம்மாதான் எப்போதும் கேட்பார். அப்பா கேட்டதே இல்லை.

நவம்பர் 19, ஞாயிறு

பாஸ்கள் நேற்றுத் தபாலில் வந்துவிட்டன. மூன்று அட்டைகள், மூன்று முகங்கள். அப்பா தன்னுடையதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "லிங்கி ஒருமாதிரி மேல போகப் போறான்" என்றார். சேர்ட் பையில் போட்டுக்கொண்டார்.

கூடவே நிபந்தனைகள் அச்சடித்த தாள். இப்படியானவற்றை நான் முழுக்க வாசிப்பேன். பாஸை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. பனி போதாவிட்டால் பணம் திரும்பாது. விபத்து, நீண்ட நோய் என்றால் டொக்டரின் கடிதத்தோடு விண்ணப்பிக்கலாம். கடைசியாக இன்னொரு காரணமும் இருந்தது. ஜெர்மனில் அது ஒரே சொல். தாளை மடித்து அகராதிக்குள் வைத்துவிட்டேன்.

பின்னேரம் அம்மா வேலையால் வந்து சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தார். அப்பா உள்ளே படுத்திருந்தார். சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, பாடம் ஒப்பிக்கிற மாதிரி மூன்று வசனங்கள் தயாரித்திருந்தேன்.

"அம்மா, ஒரு விசயம்."

"சொல்லு குஞ்சு." கண் மூடியிருந்தார். "பெப்ரவரி லீவில மேல போய் நிண்டு ஒரு படம் எடுக்கோணும். மூண்டு பேரும். சுவரில இந்த இடத்தில கொழுவுவம். அதை நினைச்சுக்கொண்டுதான் இந்தக் கால் நோவை... என்ன விசயம்?"

"தண்ணி ஆறிப்போச்சோ?"

"கொஞ்சம் சுடுதண்ணி ஊத்து."

ஊற்றினேன்.

டிசம்பர் 1, வெள்ளி

பனி. கணக்குப் பாடத்தின் நடுவில் எல்லோரும் யன்னலுக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை.

டிசம்பர் 16, சனி

அப்பா இப்போது சப்பாத்துக் கட்டுவதற்கு இரண்டு தடவை இளைப்பாறுகிறார். அம்மாவுக்கு அவர் சொன்ன காரணம், வேலை இல்லாமல் இருந்து உடம்பு ஊதிவிட்டதாம். ஊதவில்லை. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக் கொடுத்தவள் நான்.

டிசம்பர் 27, புதன்

லேர்ஷ்மாட்டுக்குப் போனோம். அப்பாவும் நானும்.

யோசனை அப்பாவுடையது. பெப்ரவரிக்கு ஒத்திகை என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்கு விடிய ஆறரைக்கு வேலை. வாசலில் நின்று, "நான் இல்லாமல் போறியள் என்ன? போங்கோ, போங்கோ. பெரிய மலைக்கு நான்தான் முன்னுக்கு" என்றார். பாண் துண்டுகளைக் கட்டித் தந்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார்.

ரெயினில் அப்பா கதைக்கவில்லை. மூச்சைச் சேமித்தார். பஸ்ஸிலிருந்து உட்காரும் வாங்கு வரை எழுபது அடி இருக்கும். மூன்று இடத்தில் நின்றோம். வாடகைக்குச் சறுக்குக் கட்டைகள் எடுத்து, எனக்கு நாலு மணித்தியாலப் பாஸ் வாங்கினேன். அப்பாவுக்கும் கேட்டேன். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பாஸ் தேவையில்லை என்றாள் கண்ணாடிக்குள் இருந்த பெண்.

நகரும் விரிப்பில் எனக்கு முன்னும் பின்னும் நாலு வயதுப் பிள்ளைகள். அவர்கள் விழவில்லை. நான் பதினாறு தடவை விழுந்தேன். ஒவ்வொரு தடவையும் எழும்பி அப்பாவைப் பார்த்தேன். மூக்கில் குழாயோடு, நீலத் தொப்பியோடு, இரண்டு கைகளையும் தூக்கிக் கைதட்டினார். சத்தம் கேட்கவில்லை, கையுறை போட்டிருந்தார்.

பதினேழாவது தடவை விழாமல் கீழே வந்தேன். வந்த வேகத்தில் நிற்பாட்டத் தெரியாமல், வாங்குக்குப் பின்னால் இருந்த வலையில் போய் முட்டினேன். அப்பா என்னைக் காணவில்லை. அவரோடு கயிறு லிஃப்ட் பார்க்கும் மனிதர் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்.

அப்பாவும் கதைத்தார். பேர்ண் வட்டார ஜெர்மனில். "உப்பு", "கெதியா", "கருகிப்போச்சு" என்ற குசினிச் சொற்கள் இல்லை. முழு வசனங்கள். செயற்கைப் பனி பற்றி, சறுக்கி முழங்கால் உடைத்துக்கொண்டு வரும் விருந்தாளிகள் பற்றி. அந்த மனிதர் சிரித்தார். அப்பா வசனத்துக்கு வசனம் மூச்சு எடுத்து, அந்த இடத்தை ஒரு பகிடியால் நிரப்பிக்கொண்டு போனார். பிறகு அந்த மனிதர், என்னைக் காட்டுவதாக நினைத்துக்கொண்டு, சரிவைக் காட்டிக் கேட்டார்: "மகளுக்கு இதுதான் முதல் பனியா?"

"அவளுக்கு முதல்" என்றார் அப்பா. "எனக்குக் கடைசி."

உப்புப் போதும் என்று சொல்வது மாதிரிச் சொன்னார்.

அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு, லிஃப்ட்டைப் பார்க்கப் போனார். நான் வலையைப் பிடித்து எழும்பினேன். அப்பா திரும்பினார்.

"உங்களுக்கு எல்லாம் விளங்கினதோ?" என்று கேட்டேன். "டொக்டர் சொன்னது. ஒக்டோபரில."

"இருபத்திமூண்டு வருசமம்மா. மரத்துக்கே விளங்கும்."

"பிறகு ஏன் விளங்காத மாதிரி இருந்தனீங்கள்?"

"டொக்டரோட கதைக்கப் பயம். பிழையாக் கதைச்சு ஏதும் மாறிப் போயிடுமெண்டு. அதுதான் உன்னைக் கூட்டிக்கொண்டு போனது. அவ இப்பிடிச் சொல்லுவா எண்டு எனக்குத் தெரியாது." மூச்சு எடுத்தார். "உன்னை இருத்தினது என்ர பிழை. வதனாவையே வரச் சொல்லியிருக்கோணும். டொக்டர் சொன்னதைக் கேட்டு முடிச்சிட்டு உன்ர முகத்தைப் பாத்தன். நீ சுற்றுலா எண்டு தொடங்கினாய். அதுக்குப் பிறகு எப்பிடி மறிக்கிறது?"

"நான் பொய் சொன்னன் அப்பா."

"நல்ல மொழிபெயர்ப்பு. எனக்குப் பிடிச்சது."

நான் அழுதேன். பனியில் அழுதால் கன்னம் எரியும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் வாசித்ததில்லை.

"அம்மாட்டச் சொல்லுவம்" என்றேன். "இண்டைக்கே."

அப்பா போத்தலில் இருந்து தேத்தண்ணியை மூடியில் ஊற்றி என்னிடம் தந்தார். "புதுவருசம் முடியட்டும். அவளுக்கு இந்தக் கிழமை முழுக்க வேலை. வேலையோட இதையும் எப்பிடித் தாங்குவாள்? ஏழாம் தேதி அவளுக்கு லீவு. அண்டைக்கு நானே சொல்லுறன். நீ வாய் திறக்க வேண்டாம். உன்ர வேலை முடிஞ்சுது."

தலையாட்டினேன். எனக்கு ஆறுதலாக இருந்தது. இதையும் எழுத வேண்டும்: ஆறுதலாக இருந்தது.

ஜனவரி 7, ஞாயிறு

அம்மாவோடு வேலை செய்பவருக்குக் காய்ச்சல். அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். அப்பா யன்னலால் அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அடுத்த ஞாயிறு" என்றார்.

ஜனவரி 15, திங்கள்

தைப்பொங்கல். பொங்கவில்லை. நேற்று ஞாயிறும் அம்மாவை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், அப்பா சொல்லவில்லை.

காலையில் அப்பாவால் மூச்சு எடுக்க முடியாமல் போய், அம்மா அம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார். நான் அப்போது பள்ளியில் பிரெஞ்சுப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். ஆகவே ஆஸ்பத்திரியில் வதனா அன்ரியை வரச் சொன்னார்கள்.

நான் ஓடிப் போனபோது இருவரும் நடைபாதையில் கதிரையில் இருந்தார்கள். வதனா அன்ரி அம்மாவின் கையைப் பிடித்திருந்தார். அம்மாவின் மடியில் கைப்பை இல்லை. கீழே விழுந்து கிடந்தது. ஒருவரும் எடுக்கவில்லை.

வதனா அன்ரி எல்லாவற்றையும் மொழிபெயர்த்திருக்கிறார். ஒரு சொல் விடாமல். "ஒக்டோபரில் உங்களுக்கு நாங்கள் விளக்கியபடி" என்று டொக்டர் ஏபி சொன்னதையும்.

அன்ரி என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். "ஏன் பிள்ளை என்னைக் கூப்பிடேல்லை?"

"கோயில்ல எல்லாருக்கும் தெரிஞ்சிடும் எண்டு..."

"ஆரிட்டச் சொல்லுவன்? நாங்கள் வெளியில சொல்லமாட்டம் எண்டு கையெழுத்து வைச்சுத்தான் இந்த வேலை செய்யிறம். எங்கட ஆக்களின்ர எத்தினை வீட்டுக் கதை என்ர வயித்துக்குள்ள கிடக்கெண்டு உனக்குத் தெரியுமோ? ஒண்டாவது நீ கேள்விப்பட்டிருக்கிறியோ?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் கேள்விப்பட்டதில்லை.

அம்மா என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். அடித்தாலும் நல்லது என்று இருந்தது. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, கணக்கு ஒன்று பிழைத்த ஆளைப் போலச் சொன்னார்:

"தெரிஞ்சிருந்தா நான் வேலைக்குப் போயிருக்க மாட்டன்."

அவ்வளவுதான். ஞாயிறுகள், நத்தார், புதுவருசம், லேர்ஷ்மாட். எல்லாம் அந்த ஒரு வசனத்துக்குள் இருந்தன.

ஜனவரி 22, திங்கள்

அம்மா வேலைக்குப் போவதில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருக்கிறார். அப்பா பெரும்பாலும் நித்திரை. விழித்தால் அம்மாவிடம் ஏதோ சொல்லப் பார்க்கிறார். முகமூடிக்குள் ஒன்றும் விளங்குவதில்லை. அம்மா குனிந்து காதை வைக்கிறார். "என்னப்பா? என்ன?" என்கிறார். என்னிடம் திரும்பி "என்னவாம்?" என்று கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் எனக்கும் விளங்கியிருக்காது.

ஜனவரி 30, செவ்வாய்

காலை ஆறு நாற்பது.

பெப்ரவரி 2, வெள்ளி

மரண அறிவித்தலுக்குப் படம் கேட்டார்கள். வீட்டில் இருந்த அல்பங்கள் எல்லாவற்றையும் தேடினோம். அப்பா எல்லாப் படத்திலும் எனக்குப் பின்னால், அல்லது கேக்குக்குப் பின்னால், அல்லது பாதி வெட்டுப்பட்டு நிற்கிறார். மற்றப் படங்களை எல்லாம் எடுத்தவர் அவர்தான்.

முகம் தெளிவாக இருந்தது ஒன்றுதான். ஸ்ரேசன் பெட்டியில் எடுத்த நாலாவது. அட்டையில் இருப்பது சின்னது என்றபடியால், பாஸ் கொம்பனிக்கு அனுப்பிய பிரதியைக் கணினியில் தேடிக் கொடுத்தேன்.

மண்டபத்தில் அதைக் கதவளவு பெரிதாக்கி, மாலை போட்டு வைத்திருந்தார்கள். லீனா வந்திருந்தாள். படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "உன் அப்பா சந்தோசமான ஆளாக இருந்திருக்கிறார்" என்றாள். ஓம் என்றேன்.

மார்ச் 1, வெள்ளி

நேற்று முப்பத்தோராம் நாள்.

அம்மா என்னோடு கதைக்கிறார். சாப்பிடு, உடுப்பை எடுத்து வை, பல் டொக்டருக்கு நாள் வந்திருக்கு. ஆனால் காப்புறுதி அலுவலகத்துக்கும் நகரசபைக்கும் வதனா அன்ரியைக் கூட்டிக்கொண்டு போகிறார். கடிதங்கள் வந்தால் பிரித்து, மடித்து, அன்ரிக்காக எடுத்து வைக்கிறார். முந்தி அவற்றை என் தலையணையில் வைப்பார்.

பாஸ் பணத்தைத் திரும்பப் பெறும் படிவத்தை நிரப்பி மேசையில் வைத்தேன். காரணம் என்ற இடத்தில் அந்த ஒரே சொல்லை எழுதியிருந்தேன். நாலு நாள் கிடந்தது. அம்மா கையெழுத்து வைக்கவில்லை. ஐந்தாம் நாள் அதன் மேல் வெங்காயத் தோல் கிடந்தது.

மார்ச் 20, புதன்

ரீச்சர் கொப்பியைக் கேட்டார். வீட்டில் மறந்துவிட்டேன் என்றேன். பொய்தான். தமிழில்.

ஏப்ரல் 6, சனி

காலையில் எழும்பி வந்தபோது அம்மா குளிர்க்கோட்டோடு குசினியில் நின்றார். மூன்று பாஸ்களையும் ஒரு நாடாவில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார்.

"நாளையோட பூட்டுறாங்களாம்" என்றார். "வெளிக்கிடு."

ஸ்டைனெக் வரை இரண்டு ரெயின், ஒரு பஸ். ஹொட்டேலைக் கடந்துபோனோம். பின்பக்கத்தில் புகை போகும் யன்னல் திறந்திருந்தது. பொரித்த கிழங்கின் மணம் வந்தது. அம்மா நிற்கவில்லை.

சீசனின் கடைசி நாட்கள் என்பதால் சனம் குறைவு. கொண்டோலாவுக்குப் போகும் வழியில் இரும்புக் கைகள் மறித்துக்கொண்டு நிற்கும் வாயில் இருக்கிறது. பாஸைப் பக்கத்தில் கொண்டுபோனால் கைகள் விழுந்து வழிவிடும். அம்மா என்னுடையதைக் கழற்றித் தந்தார். பச்சை விளக்கு. நான் உள்ளே போய்த் திரும்பி நின்றேன்.

அம்மா அடுத்த அட்டையை வைத்தார். பச்சை விளக்கு. கைகள் விழுந்தன. அம்மா அசையவில்லை.

பக்கத்துக் கூண்டில் ஒரு சிறிய திரை இருக்கிறது. அட்டை யாருடையது என்று காவலருக்குக் காட்டுவதற்காக. அதில் அப்பா சிரித்தார்.

கூண்டுக்குள் இருந்த நரைத்த தாடிக்காரர் திரையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். வெளியே வந்தார். நாங்கள் விதியை மீறிவிட்டோம் என்று சொல்லப் போகிறார், பாஸை இன்னொருவர் பாவிக்கக் கூடாது, நிபந்தனை இலக்கம் மூன்று என்று நினைத்தேன். அவர் ஜெர்மனில், வட்டார மொழியில், சந்தோசமாகக் கேட்டார்.

அம்மா என் பக்கம் திரும்பினார். ஜனவரிக்குப் பிறகு முதல் தடவையாக.

"என்னவாம்?"

என் வாயில் மூன்று, நாலு வேறு வசனங்கள் வந்து நின்றன. எல்லாம் நல்ல வசனங்கள்.

"லிங்கி பின்னால வாறாரோ எண்டு கேக்கிறார்" என்றேன். "இருபது வருசமா அவற்ர சமையல் சாப்பிட்டவராம். இண்டைக்குத்தான் மேல வரப் போறாரோ எண்டு கேக்கிறார். வாறதெண்டா பெட்டியை மறிச்சு வைக்கிறாராம்."

அம்மாவின் கை அட்டையை இன்னும் வாயிலில் அழுத்திக்கொண்டிருந்தது.

"சொல்லு" என்றார்.

"என்னத்தை?"

"உள்ளதை."

சொன்னேன். ஜெர்மனில் அது மிகவும் குறுகிய வசனம்.

ஒருவரும் நுழையாதபடியால் இரும்புக் கைகள் தாமாகவே எழும்பி மறுபடி மறித்துக்கொண்டன. திரை கறுப்பானது. தாடிக்காரர் கையுறையைக் கழற்றி அம்மாவிடம் கையை நீட்டினார். கன நேரம் ஏதோ சொன்னார். அம்மா அவர் கையைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார்.

"என்னவாம்?"

"கவலையாம். கோடையில இருமல் வருத்தமெண்டு கேள்விப்பட்டவராம், இவ்வளவு கெதியாப் போகுமெண்டு தெரியாதாம். உங்களைப் பற்றி அப்பா நெடுகக் கதைப்பாராம். மேல இண்டைக்குப் பனி குறைவாம், நிலம் தெரியுதாம். பாக்கிறதுக்கு ஒண்டும் பெரிசா இல்லையாம். காத்துக் கூடவாம். கவனமாப் போகட்டாம்."

ஒரு சொல்லையும் நான் விடவில்லை.